சாம்பலுக்கு வேலை போன பிறகு



மார்கழி பிறந்துவிட்டால் நம் பக்கத்து ஊர்களில் வெந்நீர் அடுப்பு மறுபடி புகையத் தொடங்கிவிடும். காபியும் குழம்பும் கேஸில், குளிக்க வெந்நீர் கருவை விறகில் என்று பல வீடுகளில் இரண்டு அடுப்பும் எரிகின்றன. பனிக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்துகிறோம். புகைக்கும் சாம்பலுக்கும் வெளியே போக வழியில்லாமல் அவை நம்மோடு வீட்டுக்குள்ளேயே குடியிருக்கின்றன. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கப் பரண் மேல் ஏறும்போதுதான் ஒரு வருஷக் கணக்கு மொத்தமாகத் தலையில் விழுகிறது.

இந்த நேரம் பார்த்து வீரசோழனிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். அவர் எழுதியபடியே தருகிறேன்: “அடுப்படிய தொடச்சிட்டுத் திரும்புறதுக்குள்ள டிவி மேல மறுபடியும் பொடி படிஞ்சிருது. வெந்நீருக்கும் நெல்லு அவிக்கவும் அத்தை விறகடுப்பை விட மாட்டேங்கிறாங்க. தூசி குறைய வழி இருந்தா சொல்லுங்க. அடுப்பை விடுங்கன்னு மட்டும் எழுதிறாதீங்க, பத்திரிகையை அவங்களும் படிப்பாங்க.”

அத்தைக்கும் சேர்த்தே வணக்கம். அடுப்பை விடச் சொல்லப் போவதில்லை. நரிக்குடி, வீரசோழன், அ.முக்குளம் பக்கம் கண்மாய்க்குள் இறங்கினால் கருவையாக நிற்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் விறகை வைத்துக்கொண்டு, சிலிண்டரில் வெந்நீர் போட அத்தைக்கு மனசு வராததில் எனக்கு ஆச்சரியமில்லை. நோன்புக் கஞ்சியும் கல்யாண பிரியாணியும் இன்றும் விறகில்தான் வேகின்றன. தம் போட மூடி மேல் கங்கு வேண்டுமே!

முதலில் அந்தப் பொடி எதுவென்று தெரிந்துகொள்வோம். அலமாரியின் மேல்தட்டில் விரலால் தொட்டு எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கசக்கிப் பாருங்கள். நறநறத்தாலோ சேறாகக் குழைந்தாலோ அது மண். தெருவும் காற்றும் கொண்டுவந்தது. ஆடிக் காற்றில் கரிசல் காடே வீட்டுக்குள் வந்துவிடும் ஊர் நமது, அதற்கு அடுப்பைக் குறை சொல்ல முடியாது. கறுப்பாகப் பிசுபிசுத்து, தண்ணீருக்கு அசையாமல் விரல் ரேகைக்குள் அப்பிக்கொண்டால் புகைக்கரி. வெள்ளையும் சாம்பலுமாக வழவழத்தால் சாம்பல். அதில் காரத்தன்மை உண்டு, அந்த வழவழப்பு அதனால் வருவது.

புகைக்கரி பச்சை விறகின் கணக்கில் வரும். வெட்டிய மரத்தில் எடையில் பாதி வரைகூடத் தண்ணீர் இருக்கலாம். அந்த ஈரத்தை ஆவியாக்கவே நெருப்பின் சூட்டில் பெரும்பங்கு செலவாகிவிடுகிறது. மிச்சச் சூட்டில் விறகு சரியாக எரியாமல் புகைகிறது. எரியாமல் தப்பிய தார்ப்பசைதான் ஓட்டின் அடியிலும் சுவரிலும் போய் ஒட்டுகிறது, நூலாம்படையில் தொங்குகிறது. விறகில் ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே வந்த பிறகுதான் எரிக்கலாம் என்பது உலகம் முழுவதும் சொல்லும் கணக்கு.

இதில் நம் சீமைக்கருவை ஒரு சங்கடத்தைச் செய்கிறது. அது பச்சையாகவே எரிந்துவிடும். மற்ற விறகானால் ஈரத்தில் அழுது அணைந்து, காய வை என்று நமக்குப் புத்தி சொல்லும். கருவை அப்படிச் சொல்வதில்லை. காலையில் வெட்டியதைச் சாயங்காலம் அடுப்பில் வைத்தாலும் பிடித்துக்கொள்ளும். எரிகிறதே என்று நாமும் காய வைப்பதில்லை. கூரை கறுத்துக்கொண்டே போகிறது. (இந்த மரத்தைக் கொண்டுவந்த பழியை நம் விருதுநகர்க்காரரான காமராசர் தலையில் கட்டுவது டீக்கடைப் பழக்கம். ஜமைக்காவிலிருந்து வந்த விதை, அன்றைய மதராஸ் மாகாணத்துக் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது 1877-ல். காமராசர் பிறந்தது 1903-ல்.)

ஆகவே வரும் மார்கழிக்கான விறகைப் பங்குனி, சித்திரையிலேயே வெட்டிப் பிளந்து, மண்ணில் படாமல் கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றாட விடுங்கள். முழுக்கத் தார்ப்பாய் போட்டுப் போர்த்தினால் விறகு வேர்த்துப் பூசணம் பிடிக்கும். காய்ந்த விறகின் முனையில் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை விட்டுக்கொடுத்திருக்கும், இரண்டைத் தட்டினால் ‘ணங்’கென்று கேட்கும். பட்டையையும் மண்ணையும் வெளியிலேயே தட்டிவிட்டு, அன்றைக்கு வேண்டிய விறகை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அடுப்படி மூலையில் ஒரு வாரத்து விறகை அடுக்கி வைத்தால் பட்டைத் தூளும் பூச்சி அரித்த பொடியும் கரையானும் இலவசமாக வரும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. நெருப்புப் பற்ற வைக்கப் பால் பாக்கெட்டையும் பாலித்தீன் பையையும் செருகும் வழக்கம் ஊர்ஊராகப் பரவிவிட்டது. அந்தப் புகை நெஞ்சுக்குக் கெடுதல். அந்தச் சாம்பலைச் செடிக்கும் போட முடியாது. பனையோலையும் தென்னம்பாளையும் இல்லாத ஊரா நமது?

இனிச் சாம்பல். நான் பேச வந்த விஷயமே இதுதான்.

ஒரு நாளைக்கு ஐந்து கிலோ விறகு எரிகிறதென்று வைத்துக்கொள்வோம். விறகின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சாம்பலாக மிஞ்சும். பட்டையும் சுள்ளியும் அதிகமென்றால் இன்னும் கூடும். நாளைக்கு 50 முதல் 100 கிராம், மாதத்துக்கு ஒன்றரை முதல் மூன்று கிலோ. டிவி மேல் படியும் அளவு அதில் ஒரு சிட்டிகைதான். அந்தச் சிட்டிகை எந்த நேரத்தில் பறக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். விறகு நிதானமாக எரியும்போது சாம்பல் பெரும்பாலும் இருந்த இடத்தில் இருக்கிறது. ஊதாங்குழலால் ஊதும்போது, கொள்ளியை இழுத்துத் தட்டும்போது, கங்கின் மேல் செம்புத் தண்ணீரை வீசும்போது, காலையில் சாம்பலை அள்ளும்போது, அள்ளிய இடத்தைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டும்போது பறக்கிறது. எல்லாம் நம் கை செய்வது.

குளிர் நாடுகளிலும் கதை இதேதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் 19 வீடுகளில் கணப்பு அடுப்புகளைக் கண்காணித்து ஆராய்ந்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணாடிக் கதவும் இரும்புப் பெட்டியும் புகைபோக்கியும் கொண்ட, புகை குறைந்தவை என்று அரசாங்கமே சான்று கொடுத்த அடுப்புகள் அவை. கதவு மூடியிருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. விறகு வைக்கக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நுண்துகள் அறைக்குள் வெள்ளமாக வந்து நிறைந்தது. லண்டனிலும் டொரன்டோவிலும் நம் இதழைப் படிக்கிற அன்பர்கள் கவனிக்க: கதவை மெல்லத் திறங்கள், அடிக்கடி திறக்காதீர்கள், விறகு கங்காகி அடங்கிய பிறகு திறங்கள். சாம்பல் அள்ளச் சாதாரண வேக்குவம் கிளீனரை எடுக்காதீர்கள். நுண்ணிய சாம்பல் அதன் பையைத் துளைத்துக்கொண்டு பின்பக்கமாக அறைக்கே திரும்பிவிடும். உள்ளே ஒரு கங்கு போனால் மெஷினே பற்றிக்கொள்ளும். வளைகுடாவிலிருந்து வேக்குவம் கிளீனர் வந்து இறங்கியிருக்கும் நம் ஊர் வீடுகளுக்கும் இதையே சொல்வேன். சோபாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அடுப்படிக்கு வேண்டாம்.

சரி, நம் வீட்டுப் பெரிய மனுஷிகள் மட்டும் எப்படிச் சமாளித்தார்கள்? அன்றைக்கு விறகடுப்பு மட்டும்தானே இருந்தது, இன்றைக்கு இருப்பதைவிட அதிகமாக எரிந்ததே? என் கணிப்பு இது. அன்றைக்குச் சாம்பலுக்கு வேலை இருந்தது. பித்தளைப் பாத்திரம் துலக்கச் சாம்பல் வேண்டும், புளியோடு சேர்த்துத் தேய்க்க. விதைக்கு எடுத்து வைத்த பயறில் வண்டு விழாமலிருக்கச் சாம்பல் கலக்க வேண்டும். கத்தரிச் செடியில் அசுவினி பிடித்தால் அதிகாலைப் பனியோடு தூவச் சாம்பல் வேண்டும். கண்மாய் அழிந்து விரால் வந்தால் சாம்பல் தொடாமல் அந்த மீனைக் கையில் பிடிக்கவே முடியாது. இவ்வளவு தேவையுள்ள பொருளை யாரும் காற்றில் விட மாட்டார்கள். ஆறிய பிறகு அலுங்காமல் அள்ளி, சொளகில் கொழித்துக் கரியைப் பிரித்து, மூடி போட்ட பானையில் சேர்த்து வைத்தார்கள். இந்த வேலையெல்லாம் முற்றத்தில் நடந்தது. அவர்கள் தூசியைக் குறைக்க வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. சாம்பலை வீணாக்கக் கூடாதென்று செய்தார்கள், தூசி தன்னால் குறைந்தது.

எவர்சில்வர் வந்தது, பாத்திரம் துலக்கும் சோப்பு வந்தது, பயறு கடையிலிருந்து பாக்கெட்டில் வருகிறது. விறகடுப்பில் பாதி மிஞ்சியது, சாம்பலின் வேலை மட்டும் மொத்தமாகப் போய்விட்டது. வேலையில்லாத பொருளை நாம் குப்பையாக நடத்துகிறோம். நாலு நாள் அள்ளாமல் விடுகிறோம், அடுப்பு வாயில் வழிகிறது, ஓடுகிற ஃபேனுக்கு அடியில் கூட்டித் தள்ளுகிறோம். புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், அதனால் எல்லோரும் புகையைப் பற்றிப் பேசுகிறார்கள். சாம்பல் சத்தமில்லாமல் படிவதால் அதைப் பெண்களின் தினப்படி வேலைக்குள் தள்ளிவிட்டு மறந்துவிட்டோம். துடைக்கிற கை யாருடையது என்று பார்த்தால் ஏன் மறந்தோம் என்பதும் விளங்கும்.

எப்படி அள்ளுவது? ராத்திரி அடுப்பு அணைந்து, விடிந்து ஆறியிருக்கும் நேரம் நல்லது. மறுபடி பற்ற வைக்கும் முன், ஃபேனை நிறுத்திவிட்டு அள்ளுங்கள். தகரக் கரண்டியோ பழைய சிரட்டை அகப்பையோ போதும். கரண்டியைச் சட்டிக்குள் அடிவரை இறக்கிச் சாய்த்தால் சாம்பல் சரிந்து இறங்கும், மேலேயிருந்து கொட்டினால் பாதி மேலே எழும்பும். முழுக்க வழித்தெடுக்கவும் வேண்டாம், விரற்கடை அளவு அடியில் இருக்கட்டும், அது சூட்டைப் பிடித்து வைக்கும். அள்ளி முடித்ததும் சிந்தியதைக் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வாசலுக்குத் தண்ணீர் தெளித்துத்தான் பெருக்குகிறோம், தூசி எழும்பக் கூடாதென்று. அந்த அறிவு அடுப்படிக்கு வரும்போது மட்டும் எங்கே போகிறதென்று தெரியவில்லை. காய்ந்த விளக்குமாறு எழுப்பும் நுண்தூள் மணிக்கணக்கில் காற்றில் நிற்கும். நாம் டிவியைத் துடைத்து முடித்த பிறகு ஆற அமர வந்து அதன் மேல் உட்காரும். வாசகி கேட்ட கேள்விக்கு நேரான பதில், கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றுங்கள் என்ற ஒரு வரிதான். மற்றதெல்லாம் என் வாய் நீளம்.

வெந்நீர் கொதித்ததும் மிஞ்சிய கங்கைத் தண்ணீர் ஊற்றி அணைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆவியோடு சாம்பல் மேகமாக மேலே கிளம்பும், கையும் சுடும். இடுக்கியால் கங்கை எடுத்து, மூடியுள்ள பழைய இரும்புச் சட்டியில் போட்டு அழுத்தி மூடினால் காற்றில்லாமல் தானே அணைந்து கரியாகும். இஸ்திரி போடுகிறவர் வாங்கிக்கொள்வார், இல்லாவிட்டால் சாம்பிராணி போட ஆகும். கரிமூட்டம் போடும் தொழில் நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்ததுதான், இது அதன் சட்டிக்குள் அடங்கும் வடிவம்.

சாம்பலைச் சேர்த்து வைப்பதும் மூடியுள்ள உலோகப் பாத்திரத்திலேயே இருக்கட்டும். சாக்குப் பையும் பிளாஸ்டிக் வாளியும் ஆபத்து. மேலே கையை வைத்தால் குளிர்ந்திருக்கும் சாம்பலுக்குள் கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு கிடக்கும். வைக்கோல் படப்புப் பக்கத்தில் சாம்பல் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சேர்த்த சாம்பலை என்ன செய்வது? செம்மண் தோட்டமானால் தென்னை, வாழை, முருங்கை மூட்டில் ஒரு கை தூவிக் கொத்திவிடலாம். சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் அதில் இருக்கின்றன. கரிசல்காரர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். கரிசல் மண் ஏற்கெனவே காரத்தன்மை கொண்டது, அதில் சாம்பலை மேலும் மேலும் கொட்டினால் பயிர் வெளுக்கும். யூரியாவோடு கலந்தும் போடக் கூடாது, தழைச்சத்து காற்றோடு போய்விடும். கோழிக்கூட்டின் தரையில் தூவலாம், கோழி அதில் புரண்டு பேன் உதிர்க்கும்.

புகைபோக்கி வைத்தால் தூசி குறையாதா என்று சிலர் கேட்கலாம். குறையும், ஆனால் குழாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தஞ்சாவூரில் பிறந்து, கடைசிக் காலத்தில் நம் அண்டை ஊரான தே.கல்லுப்பட்டியின் காந்திநிகேதன் ஆசிரமத்தில் தங்கிய ஜே.சி. குமரப்பா, வார்தாவில் கிராமத் தொழில்களை வளர்த்த சங்கத்தை நடத்தியவர். புகையில்லாத ‘மகன் சூலா’ மண்ணடுப்பு அங்கே உருவானதுதான். 1953-ல் எஸ்.பி. ராஜு என்பவர் புகையில்லா அடுப்படி பற்றி எழுதிய சிறு நூல் சென்னையில் அச்சானது. 1980-களில் மத்திய அரசே மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி ஊரூராகக் கட்டிக்கொடுத்து, 2002-ல் கைவிட்டது. நம் ஊர்களிலும் அப்படிக் கட்டிய அடுப்பின் சிமெண்டுக் குழாய் மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் இப்படியானது? ஒடிசாவில் புகைபோக்கி அடுப்பு கொடுத்த வீடுகளைப் பொருளாதார நிபுணர் எஸ்தர் டுஃப்லோவும் கூட்டாளிகளும் நாலு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருஷம் உடம்பில் ஏறும் புகை குறைந்தது, அதற்குப் பிறகு அந்தப் பலன் கரைந்துவிட்டது. குழாயைச் சுத்தம் செய்யவில்லை, வெடிப்பைப் பூசவில்லை, அடுப்பைப் பயன்படுத்துவதும் குறைந்தது. கட்டிக்கொடுக்கப் பணம் ஒதுக்கியவர்கள், மாதம் ஒரு தடவை குழாயில் கோணிச் சுருணை விட்டு இழுப்பது யார் பொறுப்பு என்று முடிவு செய்யவில்லை. ஆண்களே, ஏணி நம் வீட்டில்தான் இருக்கிறது. அடைத்த குழாய் புகையையும் சாம்பலையும் அடுப்படிக்கே திருப்பி அனுப்பும், பக்கத்துக் கீற்றுக்கொட்டகையையும் பற்ற வைக்கும்.

அத்தை கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற தூசி டிவியோடு நின்றுவிடும், தெரியாத துகள்தான் நுரையீரல் வரை போகும். விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் கர்ப்பிணிப் பெண்களைச் சேர்த்துப் பங்கேற்ற ஆய்வு, இந்தியாவோடு குவாதமாலா, பெரு, ருவாண்டா என நான்கு நாடுகளில் 3200 பேரிடம் நடந்தது. 2022-ல் முடிவு வந்தது. கேஸ் கொடுக்கப்பட்ட பெண்கள் மேல் பட்ட நுண்துகள் கன மீட்டருக்குச் சுமார் 24 மைக்ரோகிராம். விறகில் தொடர்ந்தவர்கள் மேல் பட்டது சுமார் 70. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 15-ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது. பிறந்த குழந்தைகளின் எடையில் மட்டும் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் அந்த ஆய்வே சொல்கிறது. ஆகவே பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. வீட்டில் மாசமாக இருக்கும் மருமகளோ, கைக்குழந்தையோ, வீசிங் உள்ளவரோ இருந்தால் சமையல் முழுவதும் கேஸுக்குப் போகட்டும். வெந்நீர் அடுப்பும் நெல் அவிக்கும் அடுப்பும் கொல்லையில், ஜன்னலுக்கு நேராக இல்லாத மூலையில், காற்றுக்கு ஒரு தட்டி மறைத்து இருக்கட்டும். வாசகியின் வீட்டு அடுப்பு தாழ்வாரத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பத்தடி தள்ளினாலே டிவிக்கு விடுதலை கிடைக்கும், அத்தையின் வெந்நீரும் நிற்காது.

பொங்கல் வேலைக்குச் சில வார்த்தை. ஒட்டடைக் கம்பின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். அரிசிப் பானையையும் படுக்கையையும் முன்பே மூடி வையுங்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். பிசுபிசுப்பான கரியை வெறும் தண்ணீரில் தேய்த்தால் சுவரெல்லாம் பரவும், சீயக்காயோ சோப்போ கலந்த வெந்நீர் வேண்டும். வெள்ளையடிப்பது அதற்குப் பிறகுதான். கரியின் மேலேயே அடித்தால் தையிலேயே மஞ்சளாக ஊறி வெளியே வந்துவிடும்.

உங்கள் வீட்டில் சாம்பலுக்கு இன்னும் என்ன வேலை மிச்சமிருக்கிறதென்று எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். விரால் கழுவுவதைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம், அது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அன்புடன்,
ஆசிரியர்